அப்பா கைமாற்றிய தட்டு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் திருவிருந்து நடக்கும். ஒரு எவர்சில்வர் தட்டில் சின்னச் சின்னதாக வெட்டிய ரொட்டித் துண்டுகள். அதற்குப் பின்னாலேயே இன்னொரு தட்டில் குட்டிக் கப்புகளில் திராட்சை ரசம். முன் வரிசையில் தொடங்கி, கை மாறிக் கை மாறித் தட்டு பின்னால் வரும். ஞானஸ்நானம் எடுத்து, சபையோடு பிசிறில்லாமல் இருப்பவர்கள் ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். என்னைப் போல ஞானஸ்நானம் எடுக்காமல் தப்பித்துக்கொண்டிருப்பவர்களும், எடுத்த பிறகு எதிலாவது மாட்டிக்கொண்டு ‘ஒழுங்கில்’ வைக்கப்பட்டவர்களும் எடுக்கக் கூடாது. தட்டை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கடைசி வரிசையில் சுவரோரம் அப்பா. அவருக்குப் பக்கத்தில் நான். எங்கள் வரிசைக்கு வரும்போது தட்டு முதலில் அப்பா கைக்குத்தான் வரும். இரண்டு கையாலும் வாங்குவார். ஒரு மூச்சு விடுகிற நேரம் வைத்திருப்பார். பிறகு என்னிடம் தருவார். நான் பந்தி பரிமாறுகிறவன் மாதிரி பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டுவேன்.

அந்த ஞாயிறுகளில் அப்பா காலையில் டீ கூடக் குடிக்க மாட்டார். திருவிருந்துக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது அவர் வழக்கம். சபை அவரை ஒழுங்கில் வைத்த பிறகும் அதை விடவில்லை. நான் சும்மா இருப்பேனா?

“ஏனுங்ப்பா, உங்களுக்குத்தான் பந்தியில எலையே இல்லியே. அப்பறம் என்னத்துக்கு வெறும் வகுறு? தட்ட வாங்கி எனக்குத் தாரதுக்கா?”

“என்றா?” என்றார். அப்பாவுக்குக் காது பாதிதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நிட்டிங் மிசின் ஓட்டுகிறவர். மிசின்கள் துணியைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டன. நான் அதையே தெருவுக்குக் கேட்கிற மாதிரி திரும்பக் கேட்டேன்.

“ஆமா. தட்டத் தொடறதுக்குந்தான்,” என்றார்.

அதற்கு மேல் கிண்டல் பண்ண எனக்கு எதுவும் வரவில்லை. அப்படி ஆவது அபூர்வம்.

எங்கள் சபை அருள்புரம் பக்கம், ஒரு நிட்டிங் யூனிட்டின் மாடியில் தகரக் கூரை போட்ட ஹால். ஆரம்பத்தில் நாலைந்து குடும்பம்தான். எல்லாம் பனியன் கம்பெனி ஆட்கள். மேலே பிஷப், பேராயம் என்று கேட்க ஒருவரும் கிடையாது. எங்களுக்கு நாங்களே முதலாளி, நாங்களே செக்கிங். ஆராதனை முடிந்ததும் பாயில் உட்கார்ந்து, சபையில் இருப்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுவார்கள். ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கை தூக்குவார்கள், அது ஒழுங்காகிவிடும். பூ வைக்கக் கூடாது. நகை போடக் கூடாது. சினிமாவுக்குப் போகக் கூடாது. எவ்வளவு அவசரச் சரக்கானாலும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் பார்க்கக் கூடாது. அதற்காகக் கம்பெனியை விட்டு நின்றவர்கள்கூட உண்டு. டிவி வைக்கக் கூடாது என்றும் ஒன்று இருந்தது. அப்புறம் ஆளுக்கொரு போன் வந்து, அந்த ஒழுங்கைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டது.

அப்பா கொண்டுவந்த ஒழுங்கு ஒன்று உண்டு. செத்தவர்களுக்குக் கொள்ளிக்குடம் தூக்கக் கூடாது, மொட்டை அடிக்கக் கூடாது, கருமாதிச் சோறு தின்னக் கூடாது. அப்பா பிறந்த வீடு தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டி முருகனைக் கும்பிட்ட வீடு. அப்பா மட்டும் இந்தப் பக்கம் வந்தார். அதனால்தானோ என்னவோ, இந்த விஷயத்தில் ரொம்பக் கறாராக இருந்தார். “அக்கட்ட ஒரு காலு, இக்கட்ட ஒரு காலு வெச்சா நடுவுல கிழிஞ்சுபோயிருமுங்க,” என்று அவர் சொன்னதும் எல்லோரும் கை தூக்கினார்களாம். இதை அம்மா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். முதலில் பெருமையாகச் சொன்னாள். பிறகு பெருமை இல்லாமல் சொன்னாள்.

அந்த ஒழுங்கில் முதலில் மாட்டியவர் எங்கள் செக்கிங் அண்ணன். இப்போது நான் தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவை அவர்தான் பார்க்கிறார். தையல் தப்பியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை அம்பு மாதிரி ஒட்டித் திருப்பி அனுப்புவார். என் பீஸுகளில் அவர் ஒட்டிய அம்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு போரே நடத்தியிருக்கலாம். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன், பள்ளிக்கூடம் இன்னும் என்னை விட்டுப் போகாத காலம். அவருடைய அம்மா தாராபுரம் பக்கம் ஊரில் செத்துப்போனார். இவர் போய்க் கொள்ளி வைத்து மொட்டையும் அடித்துக்கொண்டு வந்தார். சபை அவரை ஒழுங்கில் வைத்தது.

சபைக்குத் திரும்ப ஒரே வழிதான். திருவிருந்துக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் எழுந்து நின்று, நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். சபை கை தூக்கினால் அன்றைக்கே தட்டு வரும். அண்ணன் சில மாதம் தட்டைக் கைமாற்றிப் பார்த்தார், தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டு, “எங்கம்மாளுக்கு நாஞ்செஞ்சது பாவமுங்க. ஆண்டவர் மன்னிக்கோணும், சபை மன்னிக்கோணும்,” என்றார்.

அப்போது சபையின் மூப்பராக முன்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்த அப்பா, “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க பிரதர், பின்னால கேக்கல,” என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காதது அப்பாவுக்குத்தான். அண்ணன் நிமிர்ந்து, எல்லாவற்றையும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். அப்பா அவரைக் கட்டிப் பிடித்து, முதல் துண்டை அவருக்குக் கொடுத்தார். ஹாலில் நிறையப் பேர் அழுதார்கள். பிறகு வருஷங்கள் போக அந்த அண்ணனையே சபைக்கு மூப்பராக்கினார்கள். ஒழுங்கு விஷயத்தில் அப்பாவை விடக் கறாரான மூப்பர்.

அப்பாவுக்கு ஒரே அண்ணன், என் பெரியப்பா. அவிநாசிபாளையத்துப் பக்கம் குடியிருந்தார். தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாவைத் தூக்கி வளர்த்தது அவர்தான். வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போவார். திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவருவார். அப்பா தொட மாட்டார். “வேண்டாங்கண்ணா,” என்பார். “செரி, வெச்சுப்போட்டுப் போறன்,” என்பார் பெரியப்பா. அடுத்த வருஷமும் டப்பா வரும். இரண்டு பேருக்கும் இதில் கோபமே கிடையாது. டப்பா எங்கே போனது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நான் ஒழுங்கில்லாதவன், எனக்கு இனிப்புப் பிடிக்கும்.

பெரியப்பா ஒரு நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். பந்தலில் பாடையைக் கட்டிவிட்டு, “கொள்ளிக்கொடம் ஆருங்க தூக்கறது?” என்று பங்காளிகள் கேட்டார்கள். அப்பா ஓரமாக நின்றார். அவர் வேதக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவரை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் என்மேல் வந்து விழுந்தது. எனக்கென்ன, ஞானஸ்நானம் எடுக்காதவன். பஞ்சாமிர்தம் தின்ற கடனும் இருக்கிறது. சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“நீ சட்டையப் போடு,” என்றார் அப்பா.

அவருடைய சட்டையைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை போடுகிற அதே வெள்ளைச் சட்டை. அதை மடித்து என் கையில் கொடுத்தார். குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க அவருக்குப் பின்னால் நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். சுடுகாட்டில் நாவிதர் தலையை வழித்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அழுதாரா என்று தெரியாது. தலையில் ஊற்றிய தண்ணீர் முகத்திலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. “கம்பெனியில சாம்பிள் தொப்பி கெடக்குது, எடுத்தாரட்டுங்ளா?” என்று கேட்டேன். “வேண்டாம்,” என்றார். மொட்டைத் தலையோடு, துவைத்த அதே வெள்ளைச் சட்டையில், முன் வரிசையில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போனார். ஆராதனை தொடங்குவதற்கு முன்னாலேயே அவராக எழுந்து கடைசி வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவரும் சொல்லவில்லை. ஒழுங்கு போட்டவருக்கு ஒழுங்கு தெரியாதா?

பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நல்ல மனுஷர். அவர் இங்கே வந்து சேர்ந்ததே ஒழுங்கெல்லாம் போட்டு முடித்த பிறகுதான். அப்பாவை எப்படியாவது உள்ளே இழுத்துவிட வேண்டும் என்று அந்த வாரமே வீட்டுக்கு வந்தார்.

“பிரதர், சொந்தக்காரங்க கட்டாயப்படுத்திட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

“ஒருத்தரும் கட்டாயப்படுத்துலீங்க. பையன் தயாராத்தான் நின்னான். நாந்தான் தடுத்துப்போட்டு நானே எடுத்தனுங்க.”

“அப்போ பையனைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்னு சொல்லலாம்லா?”

“அதும் இல்லீங்க. என்ற அண்ணனுங்க. நானே எடுக்கோணும்னு இருந்துச்சு.”

பாஸ்டர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். “சரி, அந்த ஒழுங்கே வேண்டாம்னு சபையில கேட்டுப் பாப்போமா? கொண்டுவந்தவரே நீங்கதான்.”

“ஒழுங்கு செரிதானுங்க. அத மாத்தப்படாது.”

“அப்போ நீங்க செஞ்சது?”

“அதும் செரிதானுங்க.”

பாஸ்டர் என்னைப் பார்த்தார். வாசல் வரை கொண்டுபோய் விடப் போனேன். வண்டியை எடுக்காமல் நின்று, “தம்பி, இதுக்கு நான் என்ன செய்யுதது?” என்றார்.

“ரெண்டுல ஒண்ணத் தூக்கி செகண்ட்ஸ்ல போட்டுருங்க பாஸ்டர்,” என்றேன். பழுதான பனியனை அப்படித்தான் தனியாக ஒதுக்குவோம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் பாடுதான் பெரிய பாடு. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்து, முறைப்படி துண்டை எடுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய ரொட்டித் துண்டு.

“நான் வாயில போடுலீங்க. நீங்க சாப்புடுங்க.”

அப்பா முந்தானையை அதன்மேல் திரும்ப மூடினார். “சபை குடுக்கோணும் அம்மிணி. நீ குடுக்கப்படாது.”

“ஒரே வார்த்தைதானுங்க. தப்புன்னு சொல்லிப்போட்டு வந்து உக்காருங்க. உள்ள என்ன இருக்குதுன்னு ஆண்டவருக்குத் தெரியாதாக்கு?”

“தெரியுமல்ல. அதனாலதான் சொல்ல முடியல.”

துண்டை எடுத்துப்போடவும் முடியாமல், தின்னவும் முடியாமல், அம்மா அலமாரியில் ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தாள். நாலைந்து நாளில் எறும்பு வந்தது. எந்தச் சபை எறும்போ, ஒழுங்கு எதுவும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நானும் ஒரு யோசனை சொன்னேன். திருப்பூரில் தெருவுக்கு ஒரு சபை இருக்கிறது. பக்கத்து வீதியிலேயே ஒன்று, அங்கே கையை நீட்டினால் போதும், ஆள் யார் என்றுகூடக் கேட்காமல் ரொட்டி தருவார்கள்.

“அங்க ஆரு வேணும்னாலும் எடுக்கலாமல்ல,” என்றார் அப்பா.

“அதைத்தானுங்க நானும் சொல்றன்.”

“அப்படி எடுத்து என்றா ஆவுது?”

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்பாவுக்கு முடி முளைத்து நரைகூடப் பழையபடி ஆகிவிட்டது. கேட்பதற்கு இனி ஓர் ஆள்தான் பாக்கி. பாஸ்டர் சபையில் பேசிப் பார்த்தபோதெல்லாம் முடியாது என்று நின்றது செக்கிங் அண்ணன். மூப்பர் வேண்டாம் என்றால் மற்றவர்கள் கை தூக்க மாட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் என் பீஸை ரிஜெக்ட் பண்ணுகிறவர், ஏழாவது நாள் என் அப்பாவை ரிஜெக்ட் பண்ணினார் என்று கம்பெனியில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டீ நேரத்தில் அவரிடமே போனேன். கட்டு கட்டாகப் பீஸ் குவிந்த மேஜைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, எங்கப்பன் பீஸுல சின்ன ஆல்ட்டர்தானுங்க. அப்படியே பாஸ் பண்ணி உட்ரக்கூடாதா?”

ஆல்ட்டர் என்றால் பிரித்துத் தைத்தால் சரியாகிற பழுது. வழக்கமாக இதற்குத் திட்டுவார். அன்றைக்குத் திட்டவில்லை.

“உக்காரு கண்ணு,” என்றார். “உங்கப்பாகிட்ட எனக்குக் கோபம்னு நெனச்சுட்டியா?”

“ஊரே அப்படித்தானுங்க நெனைக்குது.”

“அவரு அண்ணனுக்குத்தான செஞ்சாரு. நான் என்ற அம்மாளுக்குச் செஞ்சேன். என்னைப் பெத்தவ. அதப் பாவம்னு நின்னு சொன்னனல்ல? ஒரு தடவையா? ரெண்டு தடவ சொன்னேன். மொதத் தடவ ஆண்டவருக்குச் சொன்னேன். ரெண்டாந் தடவ உங்கப்பாவுக்குச் சொன்னேன்.”

நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப அவரு ஒண்ணும் சொல்லாம தட்டுல கைய வெச்சுட்டாருன்னா, நான் சொன்னது என்னாவுது, நீயே சொல்லு. பொறுத்துக்கிட்டு இருந்திருந்தா எனக்கும் சும்மா குடுத்திருப்பாங்களாக்கு? எங்கம்மாள நான் சும்மாவா காட்டிக் குடுத்தேன்?”

மணி அடித்தது. கை துடைத்துக்கொண்டு எழுந்தார். “போயி மிசின்ல உக்காரு. தோள்பட்டைத் தையல் ஓடுது, பாத்துத் தையி.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதை அப்படியே சொன்னேன். காதில் விழ வேண்டும் என்பதற்காகச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதி இல்லை அது. அப்பா, “ரெண்டாந் தடவையா?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு அது ஞாபகமே இல்லை.

அடுத்த முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு முன்னால் பாஸ்டர் வழக்கம்போல, சபைக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார். என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா நின்றுகொண்டிருந்தார். கீபோர்டு வாசிக்கிற பையன் கையை எடுத்துவிட்டான். பெண்கள் பக்கம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செக்கிங் அண்ணன் முன்னால் மேஜைக்குப் பக்கத்தில் ரொட்டித் தட்டோடு நின்றார்.

“நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க,” என்றார் அப்பா.

“ஸ்தோத்திரம்,” என்று ஹாலே மூச்சு விட்டது. பாஸ்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. என் முகத்திலும்தான். வீட்டில் இனி எறும்புக்கு வேலை இருக்காது என்று நினைத்தேன்.

“இந்த பிரதர அன்னைக்கு நிக்க வெச்சு, அவங்க அம்மாளுக்குச் செஞ்சதப் பாவம்னு சொல்ல வெச்சது நானுங்க. எனக்குக் காது கேக்காததுக்கு அவர ரெண்டாந் தடவையும் சொல்ல வெச்சேன். அது தப்புங்க. அவரு செஞ்சது பாவமில்லீங்க.”

அப்பா நின்றுகொண்டே இருந்தார். பாஸ்டர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தட்டைப் பார்த்தபடி, “அப்ப நான் சொன்னது என்னங்க?” என்று மெதுவாகக் கேட்டார். கடைசி வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, “கேக்கலீங்க பிரதர்,” என்றார்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. ஆனால் அண்ணன் முகம் மாறியதை நான் பார்த்தேன். நிமிர்ந்தார்.

“அப்ப நான் சொன்னது என்னங்க பிரதர்?” என்று இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டார். “அத இப்பத் திருப்பி எடுத்துக்க முடியுமாங்க? எங்கம்மாகிட்ட ஆருங்க போயிச் சொல்றது?”

அண்ணன் தட்டை மேஜைமேல் வைத்தார், மெதுவாக, சத்தம் வராமல். நடுவழியே நடந்து எங்களைத் தாண்டி வெளியே போனார். படியில் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தேடினார். பாஸ்டர் ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார். தட்டை வேறொருவர் எடுத்தார். எங்கள் வரிசைக்கு வந்ததும் அப்பா வாங்கினார், என்னிடம் தந்தார், நான் கொடுத்தேன்.

அன்று சபை முடிந்து வண்டியில் வரும்போது கேட்டேன், “அவரு செஞ்சது பாவமில்லீன்னா ஒழுங்கு தப்புன்னுதான அர்த்தம்? அதச் சொல்லிப்போட்டு விட்றலாமில்லீங்ப்பா?”

“ஒழுங்கு இல்லாத சபைக்குப் போயி நான் என்றா பண்றது?” என்றார் என் முதுகுக்குப் பின்னால் இருந்து.

அண்ணன் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. வேறு எந்தச் சபைக்கும் போகிறதாகவும் தெரியவில்லை. பாஸ்டர் அவர் வீட்டுக்குப் போனார். டீ கொடுத்தார்களாம், அவர் உள் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். சபையார் கூடிப் பேசினார்கள். நல்ல மூப்பரை அப்பா பேசியே விரட்டிவிட்டார் என்று ஆயிற்று. முதலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. இப்போது எந்த வார்த்தை சொன்னால் தீரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூப்பரே திரும்பி வந்து கேட்டுக்கொண்டால் பார்க்கலாம் என்றார்கள். வராதவர் எப்படிக் கேட்பார்?

கம்பெனியில் இப்போது என் பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை. முதல் வாரம் எனக்குக் குஷிதான். தையல் பழகிவிட்டது என்று பக்கத்து மிசின் ஒடிசாக்காரனிடம் பீற்றிக்கொண்டேன். அப்புறம் சந்தேகம் வந்து, வேண்டுமென்றே ஒரு பீஸில் தோள்பட்டையை விரல் நுழைகிற அளவுக்குத் தைக்காமல் விட்டு அனுப்பினேன். அதுவும் பாஸாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் விரித்தேன்.

“அண்ணா, இதப் பாருங்க. ஓட்டை. ஸ்டிக்கர் ஒட்டுங்கண்ணா.”

அவர் விரலை அந்த ஓட்டையில் விட்டுப் பார்த்தார். விரலை வெளியே எடுத்துக்கொண்டார்.

“போகட்டும் கண்ணு,” என்றார். மடித்துப் பீஸ் கட்டுக்குள் வைத்துவிட்டார்.

போன மாதம் புதிதாக ஒரு மூப்பரை வைத்தார்கள். சின்ன வயசுக்காரர், சண்டை சச்சரவு ஆகாதவர். இந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தட்டை அவர்தான் கொண்டுவந்தார். அப்பா வழக்கம்போல டீ குடிக்கவில்லை. தட்டு முன் வரிசைகளைத் தாண்டிக் கை மாறி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு முந்தின வரிசை முடிந்ததும் இரண்டு கையையும் நீட்டினார். புது மூப்பர் அங்கேயே தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். சுற்றி வந்து, எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, என் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நேராகக் கொடுத்தார். எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தார், மரியாதையாகத்தான். தட்டு கைக்கு வந்தால் இவர் மறுபடி எழுந்து எதையாவது சொல்லிவிடுவார் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள் போல.

அப்பாவின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. நான் அதைப் பிடித்து அவர் மடியில் வைத்தேன்.

“தட்டு வரலியாடா?” என்று கேட்டார். மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் கேட்டார். ஹால் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கம் ஒரு தலை மட்டும் திரும்பாமல் குனிந்தது, அது அம்மா.

“வரலீங்ப்பா,” என்றேன்.

“என்றா?”

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.